பதினோரு தட்டு

எங்கள் ஆபீசில் நயினார் என்று ஓர் அதிகாரி இருந்தார். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள். நான் பென்ஷன் வாங்குகிறவன். திருவனந்தபுரத்தில் ஆபீசுகளுக்கா பஞ்சம், அதில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நயினார் நல்ல மனுஷர். ஆனால் நல்லதை நேராகச் சொல்ல அவருக்கு நாக்கு வளையாது. காபி பிடித்திருந்தால் ‘நாட் எக்ஸாக்ட்லி எ பேட் காபி’ என்பார். மகள் பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வந்தபோது ‘நாட் அட் ஆல் எ டிஸ்க்ரேஸ்’ என்றாராம். அந்தப் பெண் அழுதுவிட்டாள் என்று கேள்வி. வாயில் வருவதே இப்படி என்றால் பேனாவில் வருவதைக் கேட்கவா வேண்டும்? பத்து வரி எழுதினால் எட்டு ‘நாட்’ இருக்கும். அதுவும் தனியாக வராது. ஈவன், ஒன்லி, மியர்லி, நெசஸரிலி என்று யாரையாவது கூட்டிக்கொண்டுதான் வரும்.

அவர் எழுதிக் கொடுப்பதை மங்கலம் டைப் அடிப்பாள். நாஞ்சில் நாட்டுப் பெண், கறாரானவள். அடித்து முடித்ததும் நான் அசலை உரக்க வாசிப்பேன். அவள் தன் தாளில் விரல் வைத்து ஒத்துப்பார்ப்பாள். ராமசுப்ரமணியனாகிய என் உத்தியோகமே அதுதான், ஒத்துப்பார்க்கும் குமாஸ்தா. கேட்பதற்குச் சின்ன வேலை. தப்பு வந்தால் மட்டும் பெரிய வேலை.

நாற்பத்தேழில் அப்படி ஒரு தப்பு வந்தது. ஒருவருக்கு ஒரு நாள்கூட லீவு தரக்கூடாது என்பதை நயினார் ‘நாட் ஈவன் எ டே’ என்று எழுதியிருந்தார். அதில் முதல் இரண்டு வார்த்தைகளும் தாளுக்கு வராமலே போய்விட்டன. லீவு கேட்டவர் சந்தோஷமாகக் குற்றாலம் போய்க் குளித்துவிட்டு வந்தார். ஏச்சு முழுவதும் எனக்கு.

நானும் மங்கலமும் உட்கார்ந்து யோசித்தோம். கண்ணிலோ கையிலோ கோளாறு கிடையாது, காதில்தான் கோளாறு என்று பட்டது. நம் பாஷையில் இல்லை என்பது கடைசியில் வரும். ‘ஒரு ஆள்கூட வரவில்லை’ என்கிறோம். ஆள் வந்து, அவன் பின்னாலேயே ‘கூட’ வந்து, எல்லாரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் ‘இல்லை’ வந்து கதவைச் சாத்தும். மலையாளத்துக்கும் இதே கதைதான். பிறந்ததிலிருந்து வாக்கியத்தின் கடைசிக்குக் காத்திருந்து பழகிய காது நம்முடையது. இங்கிலீஷ்காரன் ‘இல்லை’யையும் ‘கூட’வையும் ஜோடியாக வாசலிலேயே நிறுத்திவிடுகிறான். ஆள் அதற்கப்புறம்தான் வருகிறான். வாக்கியம் இப்போதுதானே ஆரம்பிக்கிறது என்று நாம் பராக்குப் பார்க்கிற நேரத்தில் அந்த ஜோடி நழுவிப் போய்விடுகிறது.

ஆகவே ஒரு ஏற்பாடு செய்தேன். வாசிக்கும்போது ‘நாட்’ வந்தால் முஷ்டியால் மேஜையில் ஒரு தட்டு. ‘நாட்’டோடு ஈவனோ ஒன்லியோ மியர்லியோ கூட வந்தால் இரண்டு தட்டு. இரண்டு தட்டு கேட்டால் இரண்டு வார்த்தையும் தாளில் இருக்கிறதா என்று பார்க்காமல் மங்கலம் விரலை நகர்த்தமாட்டாள். எங்கள் மேஜை பழைய பலா மரம். தட்டினால் வராந்தா முழுக்கக் கேட்கும். ஆறு வருஷம் ஒரு ‘நாட்’ தொலைந்ததில்லை. எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அந்தப் பெருமை பின்னால் என்னை நடு வெயிலில் சைக்கிள் மிதிக்க வைத்தது.

வேலப்பன் எங்கள் ரெக்கார்டு ரூமில் இருந்தான். கட்டுக் கட்டுவது, தூசி தட்டுவது, கேட்ட ஃபைலை எடுத்துத் தருவது. ஒன்பது வருஷமாக டெம்பரரி. மாதாமாதம் கடைசித் தேதி வந்தால் அவன் முகம் சுண்டிவிடும், அடுத்த மாதத்துக்கு நீட்டிப்பு வருமா வராதா என்று. ஐம்பத்து மூன்று மார்ச்சில் டெம்பரரி ஆட்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. கொச்சி சமஸ்தானத்து ஆட்களையும் நம்மோடு சேர்த்த பிறகு யாருக்கு எங்கே இடம் என்பதே குழப்பமாக இருந்த காலம். வேலப்பன் ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மங்கலம் சொன்னாள்.

மார்ச் முப்பத்தொன்று, செவ்வாய்க்கிழமை. பதினொரு மணிக்கு நயினார் ஒரு தாளை அனுப்பினார். வேலப்பனை நிரந்தரமாக்கும் ஆர்டர்! எனக்கு எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை. நிரந்தர இடம் காலியாக இருப்பது ஒன்றே ஒன்று. அன்று ஐந்து மணிக்குள் ஆள் வந்து கையெழுத்துப் போட்டு வேலையை ஏற்கவேண்டும். மறுநாள் புது வருஷக் கணக்கு, நிரம்பாத இடம் தானாக ரத்தாகிவிடும். அப்புறம் நயினாரே நினைத்தாலும் ஒன்றும் செய்வதற்கில்லை.

மங்கலம் அடித்தாள். நான் வாசித்தேன். வேலப்பன் ‘நாட் மியர்லி எ டெம்பரரி ஹாண்ட்’ என்று ஆரம்பம், இரண்டு தட்டு. அவன் காப்பாற்றுவது ‘நாட் ஒன்லி த ரெக்கார்ட்ஸ்’, இந்த ஆபீசின் மானத்தையும்தான் என்று ஒரு வரி, இரண்டு. ஒன்பது வருஷத்தில் ‘நாட் ஈவன் எ சிங்கிள் பேப்பர்’ தொலைந்தது என்று ஒன்று, ‘நாட் ஈவன் எ டே’ சொல்லாமல் லீவில் நின்றான் என்று ஒன்று. படிப்பு என்பது ‘நாட் நெசஸரிலி எ பார்’ என்று ஒன்று. கடைசியில் சிபாரிசு செய்யாமலிருக்க முடியவில்லை என்பதற்கு ‘கனாட் பட்’ என்று தனியாக ஒன்று. மொத்தம் பதினோரு தட்டு. சந்தோஷத்தில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் பலமாகவே தட்டினேன் என்று நினைக்கிறேன்.

தாளை எடுத்துக்கொண்டு நயினார் அறைக்குப் போகும்போது வேலப்பன் வராந்தாவில் நின்று என் முகத்தையே பார்த்தான். கையெழுத்து விழாத ஆர்டரைப் பற்றி மூச்சு விடக்கூடாது என்பது என் கொள்கை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனேன். அந்தக் கொள்கையைத் தூக்கி உடைப்பில் போட்டிருக்க வேண்டும்.

நயினார் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கையெழுத்து வாங்கி வெளியே வர மணி ஒன்றரை. வேலப்பனைக் கூப்பிடு என்றேன் வாசல் பியூன் நேசையனிடம். அவன் கொட்டாவி விட்டுக்கொண்டே பதில் சொன்னான்.

“அவன் அப்பமே போயாச்சு சாமி. பதினோரு தட்டு கேட்ட பொறவு எவன் நிப்பான்?”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குடைந்து குடைந்து கேட்டதில் கதை வெளியே வந்தது. வராந்தா பெஞ்சில் காத்திருக்கும் மனுதாரர்களுக்கெல்லாம் நேசையன் ஆறு வருஷமாகக் குறி சொல்லிக்கொண்டிருக்கிறான். சாமி வாசிக்கும்போது ஒன்றிரண்டு தட்டு என்றால் காரியம் ஜெயம். நாலுக்கு மேலே போனால் வீட்டைப் பார்த்துப் போகலாம். இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாதவன் தட்டை எண்ணியே தீர்ப்பைச் சொல்லிவிடுவான். மறுப்பு ஆர்டர்களில் ‘நாட்’ அதிகம் என்பதால் முக்கால்வாசி பலித்தும் வந்திருக்கிறது. வெற்றிலை, பீடி, ஓணத்துக்கு ஒரு சீப்பு நேந்திரங்காய் எல்லாம் அவனுக்கு வரும். அன்று காலையில் தாளில் இருப்பது வேலப்பன் பெயர்தான் என்று தெரிந்துகொண்டு இரண்டு பேருமாக ஜன்னலடியில் நின்று எண்ணியிருக்கிறார்கள். ஏழாவது தட்டிலேயே வேலப்பன் உட்கார்ந்துவிட்டானாம். இவ்வளவு தட்டு தானும் கேட்டதில்லை, இனி இங்கே நின்று பிரயோஜனமில்லை என்று நேசையன் தன் வாயாலேயே சொல்லி அனுப்பியிருக்கிறான்.

அவனைத் திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் தட்டினது யார்? பலமாகத் தட்டினது யார்? ஒன்பது வருஷம் காத்திருந்தவனுக்குக் கிடைத்த வேலையை என் கையாலேயே தட்டி விரட்டியிருக்கிறேன்.

நயினாரிடம் சொல்லிவிட்டு, ஆர்டரை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நேசையனுடைய சைக்கிளிலேயே கிளம்பினேன். நான் சைக்கிள் விட்டுப் பத்து வருஷம் இருக்கும். கிழக்கேகோட்டையில் ஒரு ஜட்காக்காரன் என் பாட்டனாரைப் பற்றி மலையாளத்தில் ஏதோ சொன்னான். நின்று பதில் சொல்ல நேரமில்லை.

வேலப்பன் வீடு மணக்காட்டில். போய்ச் சேர்ந்தபோது அவன் மனைவி பொன்னம்மை பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். அடுப்பு அணைந்து கிடந்தது. நான் யார் என்று சொன்னதும் நிமிர்ந்து பார்த்தாள்.

“தட்டுச்சாமியா?” என்றாள்.

எனக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அன்றைக்குத்தான் தெரியும். நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன் என்றேன். அவள் நம்பவில்லை. நம்பாததை மரியாதையாக முகத்தில் காட்டாமலிருக்கப் பாடுபட்டாள், அது எனக்கு இன்னும் வேதனையாக இருந்தது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மண்டி வைத்திருக்கும் அழகியநம்பிக்குத் தென்காசியில் சரக்கு அடுக்க ஒரு கிட்டங்கி. அங்கே மூட்டை பார்க்க ஆள் வேண்டுமென்று முன்பே சொல்லிவைத்திருந்தாராம். மூன்று மணி லாரியில் வேலப்பன் போகிறான், வெள்ளிக்கிழமை இவளையும் வந்து அழைத்துப் போவான். “வீட்டுக்காரங்ககிட்டயும் காலி பண்ணுதோம்னு சொல்லியாச்சு சாமி,” என்றாள். வெயிலில் வந்திருக்கிறேன் என்று மோர் கொடுத்தாள். நின்றபடியே குடித்துவிட்டு ஓடினேன்.

சாலைக் கடைத்தெருவில் அந்த நேரத்தில் சைக்கிள் விட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும். மிளகாய் மண்டி முன்னால் தும்மல், பித்தளைக் கடை முன்னால் கைவண்டி. மூன்றாக இன்னும் ஐந்து நிமிஷம். அழகியநம்பி கடை வாசலில் லாரி நின்றது. மூட்டைகள் ஏற்றியாயிற்று. உச்சியில் வேலப்பன் குந்தியிருந்து வடத்தை இறுக்கிக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்ததும் எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. அது ஒரு நிமிஷம்கூட நிலைக்கவில்லை.

இறங்கு, உனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது என்று கீழேயிருந்து கத்தினேன். அவன் வடத்தை விடவில்லை.

“சாமி, எனக்கு மனசுக்கு சமாதானமா இருக்கட்டும்னு சொல்லுதீக,” என்றான். “நான் காதால கேட்டேனே. பதினொண்ணு.”

ஆர்டரை எடுத்து விரித்தேன். இங்கிலீஷில் வாசித்தால் கையெழுத்தும் முத்திரையுமாக அவனுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்தேன். வாசிக்க ஆரம்பித்தேன். என்ன செய்ய, ஆறு வருஷப் பழக்கம். ‘நாட் மியர்லி’ வந்ததும் என் கை தானாகப் போய் லாரிப் பலகையில் இரண்டு தட்டு தட்டியது. வேலப்பன் கண்ணை மூடிக்கொண்டான். கடை வாசலில் நின்ற சுமட்டுக்காரர்கள் சிரித்தார்கள்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தமிழில் சொன்னேன். அதுவும் விபரீதமாயிற்று. நீ வெறும் டெம்பரரி ஆள் இல்லை என்றேன். ‘இல்லை’ என்றதும் அவன் தலையை ஆட்டினான், அதான் தெரியுமே என்பதுபோல. ஒரு காகிதம்கூடத் தொலைந்ததில்லை என்றேன். அதற்கும் ஆட்டினான். ஒரு நாள்கூடச் சொல்லாமல் நின்றதில்லை, படிப்பு அவசியமில்லை. நயினார் முன்வாசலில் நிறுத்தின அத்தனை இல்லையும் தமிழில் ஒவ்வொன்றாகக் கடைசியில் வந்து அவன் தலையில் விழுந்தது. கீழே அழகியநம்பி கடிகாரத்தைப் பார்த்தார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான்.

எனக்கு அழுகை வரும் போலிருந்தது. அப்புறம் கோபம் வந்தது. நயினார் மேல், நேசையன் மேல், என் மேல், எல்லார் மேலும். தாளை மடித்துப் பையில் வைத்தேன். லாரி சக்கரத்தின் மேல் கால் வைத்து ஏறி, அவன் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

“வேலப்பா, நான் சொல்றதை மட்டும் கேளு. நாளைக்குப் பத்து மணிக்கு நீ ஆபீசுக்கு வரணும். நாளன்னிக்கும் வரணும். அடுத்த மாசமும் வரணும், அடுத்த வருஷமும் வரணும். உனக்குத் தலை நரைக்கிற வரைக்கும் வரணும். நானே போனாலும் நீ அங்கேதான் இருக்கணும். இப்ப என்னோட வா.”

அவன் என்னைப் பார்த்தான். இந்தத் தடவை தலையை ஆட்டவில்லை. என் வாயில் ஒரு ‘இல்லை’யாவது வருகிறதா என்று காத்திருந்தான் போலிருக்கிறது. நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். வடம் அவன் கையிலிருந்து தானாக நழுவியது.

“சத்தியமாட்டா சாமி?”

“சத்தியமாக்கும்.”

மூட்டை மேலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். ஒன்பது வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. அழகியநம்பிதான் முதலில் பேசினார். அவருக்கு ஆள் போகிறானே என்ற எரிச்சல் இருந்திருக்கும். ஆனாலும், கவர்ன்மென்ட் வேலையை விட்டுவிட்டு என் மூட்டையைத் தூக்க வருவாயா, இறங்கடா என்று அதட்டினார். லாரி அவனில்லாமல் போயிற்று.

கடைத்தெருக் கூட்டத்தைத் தாண்டியதும் சைக்கிளை அவன் வாங்கிக்கொண்டான். என்னைப் பின்னால் உட்காரவைத்து அவன் மிதித்தான். என்ன வேகம்! அவன் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. எனக்கோ ஏதோ தேரில் போகிற மாதிரி இருந்தது. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது.

ஆபீசுக்குள் நுழைந்தபோது நாலே கால். மங்கலம் வேலை ஏற்பு ரிப்போர்ட்டை அடித்துத் தயாராக வைத்திருந்தாள். நேசையன் வேலப்பனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். போய்த் தன் கூஜாவிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். வேலப்பன் அதை வாங்கிக் குடித்தான். அதோடு அந்த விவகாரம் முடிந்தது.

வேலப்பன் ரிப்போர்ட்டை வாங்கித் தமிழில் கையெழுத்துப் போட்டான். பேரின் கடைசி எழுத்துக் கொஞ்சம் மேலே ஏறிவிட்டது. நயினார் அதன் கீழே தன் கையெழுத்தைப் போட்டு நேரத்தையும் குறித்தார். நாலு மணி இருபத்தாறு. எனக்கு அப்போதுதான் கால் வலிப்பது தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டேன்.

இனி சர்வீஸ் புஸ்தகம் திறக்கவேண்டும். டெம்பரரி ஆட்களுக்கு அது கிடையாது, நிரந்தரமானவனுக்குத்தான். புது புஸ்தகம் ஒன்றை எடுத்து முதல் பக்கத்தில் நானே எழுதினேன். பெயர், தகப்பனார் பெயர், அடையாளம் வலது முழங்கையில் தழும்பு. பிறந்த தேதி கேட்டேன். கொல்லம் ஆயிரத்துத் தொண்ணூற்றைந்து, ஆடி பதினைந்து என்றான். பஞ்சாங்கம் பார்த்து அதை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபது ஜூலை முப்பது என்று போட்டேன். அதற்குக் கீழே இன்னொரு கட்டம் உண்டு. ஐம்பத்தைந்து வயதைக் கூட்டி அதையும் எழுதினேன்.

அது என்ன தேதி என்று கேட்டான். நீ வேலையிலிருந்து ஓய்வு பெறும் தேதி, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து ஜூலை முப்பது என்றேன்.

அவன் அந்த வரியின் மேல் விரலை வைத்தான். ஒன்பது வருஷமாக மாதக் கடைசிக்கு அப்பால் ஒரு தேதியை அவன் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷத்தை ஒரேயடியாக எதிரில் வைத்தால் மனுஷன் என்ன செய்வான்?

“எழுபத்தஞ்சு வரைக்கும் யாரும் போன்னு சொல்ல மாட்டாவளா?”

“சொல்லமாட்டா.”

பிறகு ஒரு உதவி கேட்டான். பொன்னம்மையிடம் வாயால் சொன்னால் நம்பமாட்டாள், அவளுக்கு எண் வாசிக்கத் தெரியும், அந்த வருஷத்தைக் கொஞ்சம் எழுதித் தரவேண்டும் என்றான். ஒரு துண்டுத்தாளைத் தேடினேன். அதற்குள் அவன் இடது கையை விரித்து மேஜை மேல் வைத்துவிட்டான். தாள் பறந்து போகும் சாமி, இதில் எழுதுங்கள் என்றான். பேனாவை மையில் நன்றாக முக்கி, அவன் உள்ளங்கையில் நாலு எண்ணையும் பெரிதாக எழுதினேன்.

ஐந்து மணிக்கு ஆபீஸ் கலைந்தது. எல்லாரும் முண்டியடித்துக்கொண்டு படியிறங்கினார்கள். மை இன்னும் காயவில்லை. வேலப்பன் அந்தக் கையை விரித்து முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒருவரும் இடித்துவிடாதபடி சுவரோரமாகவே மணக்காட்டைப் பார்த்து நடந்தான்.